அங்கே இவ்வளவு, இங்கே இவ்வளவு

டெட்லெஃப் ஹாகனோ பக்கத்தில் இருக்கும்போது எந்தச் செலவைப் பற்றியும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால், ஜெர்மனியில் அதற்கு எவ்வளவு, அதில் அரசாங்கத்துக்கு எவ்வளவு, நம் கையில் மிஞ்சுவது எவ்வளவு என்று தொடங்கிவிடுவார். ஒரு நாள் என் மகளின் கல்லூரிக் கட்டணத்தைப் பற்றி வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சாப்பாட்டு இடைவேளை முழுவதும் அதிலேயே போயிற்று. அங்கே கல்லூரிக்குக் கட்டணமே கிடையாதாம். ஏதோ சில்லறைத் தொகை கட்டினால் பஸ் பாஸும் சேர்த்துக் கொடுப்பார்களாம். நான் கையிலிருந்த சாண்ட்விச்சைக் கீழே வைத்தேன்.

"இதை இப்ப என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அவளைத் திரும்பப் பெத்து அங்க அனுப்பவா?"

அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுல செலவு ஜாஸ்தி ஆகும், நெல்டா" என்றார்.

நான் நெல்டா டிஸ்டேல். தென் கரோலினாவில், ஸ்பார்டன்பர்க் பக்கத்தில், கார்க் கதவுகள் செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறேன். தகட்டை அழுத்தி வடிவமாக்கும் ப்ரெஸ்ஸிலிருந்து வெளியே வரும் கதவைக் கையால் தடவி, பள்ளம் மேடு இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. டெட்லெஃப் அந்த ப்ரெஸ்களின் மெக்கானிக். வீடு உயரத்துக்கு நான்கு நிற்கின்றன. நான்கும் நிற்காமல் ஓட வேண்டும். ஒன்று பத்து நிமிடம் நின்றுவிட்டால் போதும், மனிதர் முகமெல்லாம் சிவந்து, தன் வீட்டில் தீப்பிடித்ததுபோல் ஓடி வருவார். ஸ்விக்காவ் என்கிற ஜெர்மன் ஊரிலிருந்து, அந்த ஊர்ச் சம்பளத்திலேயே, மூன்று வருடத்துக்கென்று கம்பெனி அனுப்பி வந்தவர். மூன்று வருடம் முடிந்ததும் அவரும் மனைவி பிர்கிட்டும் திரும்பிப் போகாமல், எங்களைப்போலவே இந்த ஊர்ச் சம்பளத்துக்கு மாறித் தங்கிவிட்டார்கள்.

"அங்க அவ்வளவு நல்லா இருந்தா இங்க என்னத்துக்கு உக்காந்திருக்கே, ஜெர்மன்காரரே?" என்று டிவிட் கேட்பான். டிவிட், பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் ஓட்டுநர். வரி என்ற சொல்லைக் கேட்டாலே அவனுக்குப் பொறுக்காது.

டெட்லெஃப் கோபப்பட மாட்டார். அவர் நியாயமான மனிதர். அங்கே சம்பளம் நூறு என்றால் கைக்கு வருவது அறுபது சொச்சம், இங்கே எண்பது என்று ஒத்துக்கொள்வார். டிவிட் மேஜையைத் தட்டி ஜெயித்த மாதிரி சுற்றிலும் பார்ப்பான். அப்போதுதான் இவர் மெதுவாக மேலே சொல்வார். அந்த எண்பதில் மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடிப்பது ஒரு பங்கு. காப்பீடு இருந்தும், ஆஸ்பத்திரிக்குப் போனால் முதல் நாலாயிரம் டாலர் நம் தலையில். பஸ் இல்லாத ஊர், அதனால் வீட்டுக்கு இரண்டு கார். ரொட்டி என்ற பேரில் விற்கிற பஞ்சுக்கு ஐந்து டாலர். கடைசியில் மிஞ்சுவது ஒரு பத்துதான் அதிகம், அதற்குப் பதிலாக வருடத்துக்கு ஆறு வார விடுமுறை போயிற்று என்பார்.

"அந்தப் பத்துல என்ன வாங்கினே?"

"தோட்டத்தோட வீடு. ரெண்டாவது நாய்."

அங்கே நாய்க்கும் வரி உண்டாம். ஒரு நாய்க்கு இவ்வளவு, இரண்டாவதுக்கு அதைவிட அதிகம். டிவிட்டுக்கு அன்று சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நாய் எதைச் சம்பாதிக்கிறது என்று வரி போடுகிறார்கள் என்று ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தான்.

தேவாலயத்தில் இன்னும் வேடிக்கை. அங்கே தேவாலயத்துக்கான பங்கையும் அரசாங்கமே சம்பளத்தில் பிடித்துக் கொடுத்துவிடுமாம். இங்கே காணிக்கைத் தட்டு கைக்குக் கை வந்தபோது, மனிதருக்கு எவ்வளவு போடுவது என்று தெரியவில்லை. ஊரில் இருந்திருந்தால் எவ்வளவு பிடித்திருப்பார்களோ, அதைப் பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டு, மாதா மாதம் செக் எழுதிப் போட்டார். நாற்பத்து மூன்று டாலர் பதினேழு சென்ட் என்று அவர் போட்ட செக்கைப் பாதிரியார் என்னிடமே சொல்லிச் சிரித்தார்.

ஆனால் அவர் செய்த ஒரு தவறு இன்றும் எங்கள் தொழிற்சாலையில் பேசப்படுகிறது. இந்த ஊர்ச் சம்பளத்துக்கு மாறிய முதல் வருடம், மார்ச் மாதம், நல்ல விஷக் காய்ச்சல். நாங்களாக இருந்தால் இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றிருப்போம். இவர் டாக்டரிடம் சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, குணமாகும்வரை படுத்துக்கொண்டார். மூன்று வாரம். ஆகஸ்டில் ஊருக்குப் போக விமான டிக்கெட் எல்லாம் எடுத்துவிட்டு, லீவு கேட்டு ஹெச்.ஆர். ரெனீட்டாவிடம் போனார்.

"உங்களுக்கு லீவே இல்லையே, மிஸ்டர் ஹாகனோ."

"மூணு வாரம் இருக்கே."

"அதை மார்ச்லயே எடுத்துட்டீங்க."

"மார்ச்ல நான் லீவுல இல்ல, மேடம். நோயில இருந்தேன்."

ரெனீட்டா அவர் விளையாடுகிறார் என்றே நினைத்தாளாம். எங்களுக்கு லீவு என்பது ஒரே பை. காய்ச்சல் வந்தாலும் அதிலிருந்து, கடற்கரைக்குப் போனாலும் அதிலிருந்து, பிள்ளையைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனாலும் அதிலிருந்துதான். பை காலியானால் காலிதான். இது புரிந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. எங்களைப் பார்த்து அவருக்குப் பரிதாபம் வந்தது. அந்தப் பரிதாபம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. டிக்கெட் பணம் போனதற்காக நான் ஒரு சொட்டும் வருத்தப்படவில்லை.

பிர்கிட் வேறு மாதிரி. குள்ளமாக, வாய் நிறையச் சிரிப்போடு இருப்பாள். நல்ல ரொட்டி கிடைக்கவில்லை என்று புருஷன் புலம்பிக்கொண்டிருக்க, அவள் கம்பு நிறத்தில் ஒரு கனத்த ரொட்டியைத் தானே சுட்டு, தேவாலயச் சந்தையில் விற்கத் தொடங்கினாள். டிவிட்டே வரிசையில் நின்று வாங்குவான். டெட்லெஃப் விலைக் கதையை ஆரம்பித்தால் அவள் கண்ணை உருட்டுவாள். "என்னைக் கட்டிக்கிட்டதுல லாபமா நஷ்டமா? அதையும் ஒரு தடவை போட்டுச் சொல்லிடு" என்பாள். அவர் காது சிவந்துபோகும்.

அவர்கள் வந்து பதினோராவது வருடம், ஜனவரியில், பிர்கிட்டுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. வெட்டி எடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது. மருந்து கொடுத்துப் பார்ப்போம், இலையுதிர்காலம்வரை இருக்கலாம் என்றார் டாக்டர்.

இங்கேதான் சிக்கல். பிர்கிட்டின் மருந்துச் செலவைத் தாங்குவது டெட்லெஃபின் வேலையோடு வருகிற காப்பீடு. வேலையை விட்டால் காப்பீடு போகும். சட்டப்படி சில வாரம் லீவு எடுக்கலாம், வேலை போகாது, ஆனால் சம்பளம் கிடையாது. முதல் நாலாயிரமும் அதற்கு மேலும் ஏற்கெனவே போயிருந்தது. வீட்டுக் கடன் பாக்கி நின்றது. பையிலிருந்த லீவெல்லாம் சோதனைகளுக்குப் போய்வந்ததிலேயே தீர்ந்துவிட்டது. ஆக, மனைவி பிழைத்துக் கிடக்க வேண்டுமானால் அவள் பக்கத்தில் இருக்காமல் எங்களோடு ப்ரெஸ் அடியில் நிற்க வேண்டும். பிர்கிட் கேட்டதோ ஒன்றே ஒன்றுதான். காலை வேளைகளில் மட்டும்தான் அவளுக்கு வலி குறைவாகவும் புத்தி தெளிவாகவும் இருக்கும். அந்த நேரம் இவர் வீட்டில் இருக்க வேண்டும் என்றாள். எங்கள் ஷிஃப்ட் காலை ஆறு மணிக்கு.

டெட்லெஃப் சாப்பாட்டு மேஜையில் பேசுவதை நிறுத்திவிட்டார். டிவிட் வேண்டுமென்றே, "அங்க இதுக்கெல்லாம் எவ்வளவு குடுப்பாங்க, ஜெர்மன்காரரே?" என்று கேட்டான். குத்திக்காட்டவில்லை, பேச வைக்கத்தான் கேட்டான் என்று எனக்குத் தெரியும்.

"என் அண்ணனுக்கு போன் பண்ணிக் கேட்டேன்" என்றார் டெட்லெஃப். "அவளுக்குச் செலவு ஒண்ணும் இருக்காது. ஆனா எனக்கு, புருஷனுக்கு, சம்பளத்தோட பத்து நாள். அதுக்கு மேல அங்கயும் கிடையாது."

"பத்துதானா?"

"பத்துதான்."

டிவிட் மேஜையைத் தட்டவில்லை. அன்று ஜெயிக்க அவனுக்கு மனம் வரவில்லை.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் பை காலியாகி, வீட்டில் பெரிய கஷ்டம் என்றால், மற்றவர்கள் தங்கள் பையிலிருந்து லீவு நாட்களை எடுத்து அவனுக்குக் கொடுக்கலாம். ரெனீட்டாவிடம் சொன்னால் அவள் மாற்றிவிடுவாள். யார் கொடுத்தார்கள் என்று வாங்குகிறவனிடம் சொல்லக் கூடாது என்பது விதி. அடுத்த வாரமே டிவிட் ஃபோர்க்லிஃப்ட்டை நிறுத்திவிட்டு ஒவ்வொருவரிடமாக வந்தான்.

"நான் உன்னைக் குடுன்னு சொல்லல. யாரும் யாரையும் குடுன்னு சொல்றது எனக்குப் பிடிக்காது. ரெனீட்டா ரூம் கதவு திறந்திருக்குன்னு மட்டும் சொல்றேன்" என்றான்.

எனக்கு இந்த வழக்கத்தின் மேல் கோபம்தான். அதை இப்போதும் சொல்வேன். புதிதாகச் சேர்ந்து வருடத்துக்கு ஒரே வாரம் லீவு வைத்திருக்கிற பெண், தன் பிள்ளையின் காய்ச்சலுக்கென்று சேர்த்த லீவை எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒருத்தி தன் கடைசிக் காலைகளில் புருஷனைப் பார்ப்பாளா மாட்டாளா என்பது, டிவிட்டுக்கு அன்றைக்கு மனம் இளகியதா என்பதைப் பொறுத்து இருக்கிறது. இது என்ன ஏற்பாடு? இப்படி மனத்துக்குள் திட்டிக்கொண்டேதான் ரெனீட்டா அறைக்குப் போய் என் பங்கைக் கொடுத்தேன். வெளியே நான்கு பேர் நின்றிருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மொத்தம் நான்கு மாதத்துக்கு மேல் சேர்ந்தது. ரெனீட்டா கூப்பிட்டுச் சொன்னதும் டெட்லெஃப் வேண்டாம் என்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, கோழியும் சோறும் சேர்த்து ஓவனில் வேகவைத்த ஒரு பெரிய தட்டைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பின்புற வராந்தாவில் பிர்கிட் போர்வைக்குள் இருந்தாள். பாதியாகிவிட்டிருந்தாள். நாய்கள் இரண்டும் அவள் காலடியில் கிடந்தன.

"ஏன் வேண்டாம்னீங்க?" என்று நேராகவே கேட்டேன்.

"இன்னொருத்தனோட லீவை நான் எப்படி எடுக்கறது, நெல்டா? அது அவனோட தூக்கம், அவனோட பிள்ளை. அங்க நான் வரி கட்டினேன், கேட்டு வாங்கினேன். அது என் உரிமை. இது பிச்சை."

"யாருய்யா உங்களைப் பிச்சைக்காரன்னு சொன்னது?"

"யாரு குடுத்தாங்கன்னாவது தெரிஞ்சா, திருப்பிக் குடுப்பேன். அதையும் சொல்ல மாட்டேங்கறாங்க."

"திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னுதான் சொல்ல மாட்டேங்கறாங்க!"

என் குரல் ஏறிவிட்டது. பெரிய நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. அப்போது பிர்கிட் போர்வையிலிருந்து கையை வெளியே எடுத்து அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"டெட்லெஃப், அதை உனக்கா குடுத்தாங்க? எனக்குக் குடுத்தாங்க. சாகப்போறது நான். நான் வாங்கிக்கறேன்."

"பிர்கிட்..."

"உன் மானத்தை வெச்சு நான் என்ன பண்றது? அது காலைல எனக்கு டீ போட்டுக் குடுக்குமா? எனக்கு நீ வேணும். போ, போய் எழுதிக் குடு."

அவர் எழுந்து தோட்டத்துக்குள் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். பிர்கிட் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். "நாளைக்குக் குடுத்துடுவான். தட்டுல என்ன கொண்டு வந்தே?" என்றாள்.

மறுநாள் எழுதிக் கொடுத்தார்.

அதன் பிறகு வாரத்துக்கு ஒரு முறையாவது நான் போய்வந்தேன். போகும்போதெல்லாம் இரண்டு பேரும் அதே வராந்தாவில் இருப்பார்கள். அவர் அண்ணனிடம் வாரா வாரம் போன் செய்து ஸ்விக்காவ் சந்தை நிலவரம் கேட்டு வைத்துக்கொள்வார். பதினோரு வருடம் எந்தக் கதையைக் கேட்டுக் கண்ணை உருட்டினாளோ, அதையே இப்போது அவள் கேட்டு வாங்கினாள்.

"வெண்ணெய் என்ன விலை?"

"ஏறிடுச்சு. ரெண்டு யூரோ இருபது."

"அடப்பாவி. டிராம்?"

அவர் டிராம் டிக்கெட் விலை சொல்வார். வசந்தத்தில் மட்டும் வரும் அஸ்பராகஸ் என்கிற வெள்ளைத் தண்டுக் காய் சந்தைக்கு வந்துவிட்டதா, கிலோ எவ்வளவு, போன வருடத்தைவிடக் கூடவா குறைவா என்று சொல்வார். இங்கே அதே தண்டு பச்சையாகத்தான் கிடைக்கும், அதற்கு எவ்வளவு என்பதும் வரும். பிர்கிட் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். அவள் அந்தச் சந்தைக்குள்ளே நடந்து போய்க்கொண்டிருக்கிறாள் என்பது பார்த்தாலே தெரியும். தூங்கிவிட்டாள் என்று தெரிந்த பிறகும் அவர் நிறுத்த மாட்டார். முள்ளங்கிவரை சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுவார். நான் வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அழுதுகொண்டே ஓட்டியிருக்கிறேன். அந்த மனிதர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்துவிட்டது.

டாக்டர் சொன்ன இலையுதிர்காலம் வரவில்லை. ஏப்ரல் முடியும் முன்னே, திங்கட்கிழமை காலை, பிர்கிட் அந்த வராந்தாவிலேயே போய்விட்டாள்.

கொடுத்த நாட்களில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. மிச்சம் இருந்தால் கொடுத்தவர்களுக்கே திரும்பிப் போய்விடும் என்பதும் விதி. அன்று மத்தியானம் ரெனீட்டா தானே கீழே இறங்கி வந்தாள். ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் நின்று, காதோடு, "உன்னோடது திரும்பி வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். என்னிடமும் வந்தாள். நான் கதவைத் தடவிக்கொண்டே தலையை ஆட்டினேன். 

டிவிட்டிடம் அவள் சொன்னபோது அவன் வண்டியை விட்டு இறங்கினான்.

"எனக்கு வேண்டாம். இது அவளோடது."

"விதி அப்படி, டிவிட். நான் என்ன பண்ண?"

"அடக்கம் என்னைக்கு?"

"வியாழக்கிழமை பதினோரு மணி."

எங்கள் கம்பெனியில் சாவுக்கு லீவு சொந்தக் குடும்பத்துக்கு மட்டும்தான். கூட வேலை செய்கிறவனின் மனைவிக்குக் கிடையாது. டிவிட் ரெனீட்டாவைப் பார்த்தான்.

"அப்ப வியாழக்கிழமைக்கு என் பேர்ல ஒரு நாள் எழுதிக்கோ."

நானும் வியாழக்கிழமை என்றேன். என் பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது. அப்புறம் பக்கத்து மேஜையிலிருந்து. சாயங்காலத்துக்குள் சூப்பர்வைசர் கை நிறையச் சீட்டுகளோடு என்னிடம் ஓடி வந்தார்.

"நெல்டா, எல்லாருக்கும் கையெழுத்துப் போட்டா முதல் ஷிஃப்ட்ல ஆளே இருக்காது. ஓட்டறது யாரு?"

"போடாம இருங்களேன், பாக்கலாம்" என்றேன்.

 அவர் சீட்டுகளை என் மேஜையிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். கடைசிச் சீட்டில் அவர் பெயரும் இருந்தது.

வியாழக்கிழமை வெயில் நன்றாக இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் தேவாலயத்து ஆட்கள் முன்னால் நின்றார்கள். நாங்கள் பின்னால், சாலையோரம் நின்றோம். சிலர் வேலைக்குப் போடும் இரும்பு வைத்த ஷூவோடுதான் வந்திருந்தார்கள், வேறு கறுப்பு ஷூ இல்லை. பாதிரியார் ஜெபம் முடித்ததும் டெட்லெஃப் ஒரு பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பினார். அதுவரை அவர் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அப்போதுதான் எங்களைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். சிலரை அவருக்குப் பெயர் சொல்லிக்கூடத் தெரியாது. நேராக எங்களிடம் நடந்து வந்தார்.

"நெல்டா, இன்னைக்கு வியாழக்கிழமை."

"ஆமா."

"இப்ப முதல் ஷிஃப்ட் நடக்கணும். உங்களுக்கெல்லாம் லீவு எப்படிக் கிடைச்சுது?"

 டிவிட்தான் சொன்னான்.

"பிர்கிட் மிச்சம் வெச்சுட்டுப் போனா. அதுல வந்தோம்."

 அவர் மறுபடியும் எங்கள் எல்லோரையும், ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார்.

"அப்ப ப்ரெஸ்ஸை யாரு பாத்துக்கறாங்க?"

"யாரும் இல்ல" என்றேன். "நின்னுகிட்டிருக்கு."

"எது?"

"நாலும்."

"நாலுமா?" என்று கேட்டார். குரல் பாதியில் உடைந்தது. அப்படியே டிவிட்டின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அந்தப் பெரிய மனிதர், சத்தம் போட்டு அழுதார். டிவிட் ஒரு கையால் தன் தொப்பியைக் கழற்றினான். இன்னொரு கையால் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.